மில் விடுதி, தறிப்பட்டறை முன்பணம்: நாடாளுமன்றக் கேள்வியை எப்படி எழுதினால் பதில் வரும்?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. வர்ற கூட்டத்தொடருக்கு எம்.பி. ஒருத்தர் மூலமாக் கேள்வி ஒண்ணு போடறதுக்கு வரைவு தயாராகுது. படிச்சுப் பாத்துத் திருத்திக் கொடுங்க.

"கொங்குப் பகுதி நூற்பாலைகளில் இளம்பெண்கள் கொத்தடிமைகளாக வதைக்கப்படுவதை அரசு அறிந்திருக்கிறதா? அறிந்திருந்தால் இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் விட்டது ஏன்? இந்தக் கொடுமையை எப்போது ஒழிக்கப் போகிறது?"

எந்தத் துறைக்கு அனுப்போணும், எத்தனை நாளைக்கு முன்னாடி கொடுக்கோணும்னும் சொல்லுங்க.

பெருந்துறை வக்கீல்:
இந்த வரைவு அவைக்குள்ளேயே போகாது. மக்களவை நடைமுறை விதி 41-ஐ ஒரு முறை படித்துவிடுங்கள். கேள்வியில் வாதம், ஊகம், பழிச்சொல், கிண்டல் எதுவும் இருக்கக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தைத் தொடக் கூடாது. ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூடாது. 150 சொல்லுக்குள் முடிய வேண்டும். "வதைக்கப்படுவதை", "கண்டுகொள்ளாமல்", "கொடுமை" என்ற மூன்று சொற்களுக்காகவே மக்களவைச் செயலகம் திருப்பி அனுப்பும், அல்லது அவற்றை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் ஏற்கும்.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. கேள்வி "அறிந்திருக்கிறதா" என்று தொடங்குகிறது. அமைச்சகம் (அ)வுக்கு, அதாவது முதல் பகுதிக்கு, "இல்லை" என்று எழுதும். அடுத்த வரியில் "(ஆ), (இ): கேள்வி எழவில்லை" என்று எழுதி முடித்துவிடும். மூன்று பகுதியும் ஒரே கயிற்றில் தொங்குவதால் முதல் முடிச்சை அவிழ்த்தால் எல்லாமே விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு பகுதியும் தன் காலில் நிற்க வேண்டும். "ஆமாவா, இல்லையா" என்று கேட்காமல், சட்டப்படி அரசு எழுதி வைத்தே தீர வேண்டிய பதிவேட்டைக் கேளுங்கள்: கூட்டம் நடந்த தேதி, விடுவித்த தொகை, கொடுத்த சான்றிதழ் எண்ணிக்கை. இல்லாததை இருப்பதாகச் சொன்னால் அது பொய்யான பதில் ஆகும். இருப்பதை இல்லை என்று சொன்னால் அவையைத் தவறாக வழிநடத்தியதாக உரிமை மீறல் பிரச்சினை வரும். எண்ணையும் தேதியையும் கேட்டால் நழுவ இடம் கம்மி.

நாள் கணக்கு: 15 முழு நாட்கள். கொடுத்த நாளும் அமர்வு நாளும் கணக்கில் வராது. டிசம்பர் 15 அமர்வுக்கு நவம்பர் 29-க்குள் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் குறித்த நாள் உண்டு. அந்த அட்டவணை அழைப்போடு சேர்த்து உறுப்பினருக்கு வந்துவிடும். எம்.பி.யின் உதவியாளரிடம் முதலில் அதை வாங்குங்கள்.

அந்தியூரான்:
வக்கீல் அண்ணா சொன்னதோட இதையும் சேத்துக்குங்க. நட்சத்திரக் கேள்வியா (அமைச்சர் அவையில வாய்மொழியாப் பதில் சொல்றது), நட்சத்திரமில்லாததா (எழுத்துப் பதில் மட்டும்)ங்கறதை முன்னாடியே முடிவு பண்ணோணும். மக்களவையில ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, எழுத்துப் பதில் கேள்வி 230. மாநிலங்களவையில 15, 160. நட்சத்திரம் போட்டது குலுக்கல்ல முதல் இருபதுக்குள்ள வரலீன்னா எழுத்துப் பதில் பட்டியலுக்குப் போயிரும், கேள்வி வீணாகாது. ஆனா இருபதுக்குள்ள வந்தாலும் ஒரு மணி நேரத்துல வாய்மொழியாப் பதில் வர்றது அதுல கொஞ்சந்தான். மேல இருக்கிற நாலஞ்சுல விழுந்தாத்தான் துணைக் கேள்வி (பதில் வந்ததும் அங்கயே கேக்கற அடுத்த கேள்வி) கேக்க வாய்ப்பு.

எங்க கருத்து: புள்ளிவிவரம் வேணும்னா நட்சத்திரமில்லாம கேளுங்க. மாவட்டவாரி அட்டவணை பின்னிணைப்பா வரும். நட்சத்திரத்தை அமைச்சரை நிக்க வெச்சுக் கேக்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் எடுத்து வைங்க.

கதிர் நூல்:
நொய்யல்கரை அண்ணா, "கொத்தடிமை"ங்கற சொல்லை மட்டும் வெச்சுக் கேட்டீங்கன்னா மில் விஷயம் நழுவிரும். எப்படின்னு பாருங்க.

1976ஆம் வருசத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை நினைச்சாலே எல்லாருக்கும் முன்பணந்தான் ஞாபகம் வருது. கல்யாணச் செலவுக்குக் கடைசியில மொத்தமாப் பணம் தர்றோம்னு சொல்லற சுமங்கலித் திட்டம், திருமண உதவித் திட்டம், மில் விடுதியில தங்க வெச்சு வேலை வாங்கற கேம்ப் கூலின்னு எந்தப் பேர்ல நடந்தாலும் மில்லுல முன்பணம் கிடையாது. மூணு வருசம் முடிஞ்சாத்தான் மொத்தத் தொகைன்னு கூலியைப் பிடிச்சு வெக்கறாங்க. கடன் பொண்ணுகிட்ட இல்லை, மில்லுகிட்ட இருக்குது. அதனால "முன்பணம் பெற்றுக் கட்டுண்டவர் எவரும் இல்லை"ன்னு பதில் எழுதினா அது எழுத்தளவுல சரியாத்தான் இருக்கும்.

சட்டத்தோட 2(ஜி) பிரிவை முழுசாப் படிச்சா வழி இருக்குது. முன்பணம் ஒரு காரணந்தான். "பொருளாதாரப் பயன்"னு தனியா ஒண்ணு இருக்குது. விளைவுன்னு பாத்தா, குறைஞ்ச கூலிக்கு வேலை, வேற வேலைக்குப் போற சுதந்திரம் இழப்பு, நடமாட்டச் சுதந்திரம் இழப்பு, இதுல எது இருந்தாலும் போதும். 1982 ஆசியாட் தொழிலாளர் வழக்குல உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ கொடுத்து வாங்கற வேலை அரசியல் சட்டம் 23ஆம் உறுப்பு தடை பண்ற கட்டாய உழைப்புன்னு சொல்லிருச்சு. அதனால கேள்வியில "கொத்தடிமை"ன்னு முத்திரை குத்தாம, நடக்கறதை அப்படியே விவரிச்சுக் கேளுங்க: ஒப்பந்தக் காலம் முடியும் வரை கூலியில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்படும் ஆலைகள் எத்தனை ஆய்வு செய்யப்பட்டன, விடுதியிலிருந்து வெளியே செல்ல அனுமதி நாட்களுக்குக் கட்டுப்பாடு உள்ள ஆலைகள் எத்தனை.

நோட்டீஸ் ஆங்கிலத்துலயோ இந்தியிலயோதான் போகும். "கேம்ப் கூலி"யை அப்படியே எழுதினா டெல்லியில யாருக்கும் புரியாது. விவரிச்சுத்தான் ஆகோணும். துணைக் கேள்வியை முன்கூட்டியே சொல்லிட்டுத் தமிழ்லயே கேக்கலாம், மொழிபெயர்ப்பு உண்டு.

கல்லங்காடு:
விடுதியைப் பற்றி டெல்லியில் கேட்டுப் பயனில்லை. பெண்கள், சிறார் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டம். பதிவும் உரிமமும் மாவட்ட ஆட்சியர் வழியாக. மத்திய அமைச்சர் "இது மாநில அரசின் வரம்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார், விதிப்படியும் அது சரிதான். கேள்வியை இரண்டாக வெட்டுங்கள். மறுவாழ்வுப் பணம் டெல்லிக்கு. விடுதி உரிமம், தொழிற்சாலை ஆய்வு, கண்காணிப்புக் குழு ஆகியவை சென்னைக்கு.

சென்னையிலும் துறையைப் பார்த்து எழுத வேண்டும். விடுதி சமூக நலத்துறை. ஆலை ஆய்வு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், அதாவது தொழிலாளர் நலத்துறை. கொத்தடிமை விடுதலைச் சான்று கோட்டாட்சியர், ஆட்சியர் கையில். மூன்றையும் ஒரே கேள்வியில் குழைத்தால் எந்தத் துறையும் முழுப் பதில் தராது.

பவானிசாகர்:
//எம்.பி. ஒருத்தர் மூலமா//
எந்த எம்.பி.? திருப்பூர் மாவட்டத்துல இது பெரிய குழப்பமுங்க. மாவட்டத்துல எட்டு சட்டமன்றத் தொகுதி. திருப்பூர் வடக்கும் தெற்கும் திருப்பூர் மக்களவைத் தொகுதி. பல்லடம் கோவைத் தொகுதி. அவிநாசி நீலகிரி. தாராபுரம், காங்கேயம் ஈரோடு. உடுமலை, மடத்துக்குளம் பொள்ளாச்சி. ஒரே மாவட்டத்துக்கு அஞ்சு எம்.பி. விதிப்படி எந்த எம்.பி.யும் எந்த ஊரைப் பத்தியும் கேக்கலாம். அதனால அஞ்சு பேர்கிட்டயும் வேற வேற கேள்வியாக் கொடுங்க. ஒரே வாசகத்தை அஞ்சு பேருக்கும் கொடுத்தா ஒண்ணாச் சேத்து ஒரே பதிலாப் போயிரும். ஆளுக்கொரு துண்டு கொடுத்தா அஞ்சு பதில்.

குமாரபாளையம் தறி:
மில் பக்கம் முன்பணம் இல்லைன்னு கதிர் நூல் சொன்னது சரி. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோட்டுப் பக்கம் விசைத்தறியில நிலைமை தலைகீழ். குடும்பத்தோட தறி ஓட்டறவங்களுக்கு முன்பணந்தான் விலங்கு. வாரக் கூலியில பிடிச்சாலும் அசல் குறையாது. அடுத்த பட்டறைக்குப் போறதுன்னா புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கறார். அங்க 1976 சட்டம் நேராப் பொருந்தும், இழுக்க வேண்டியதே இல்லை. 15ஆம் பிரிவுப்படி, இது கொத்தடிமைக் கடன்னு தொழிலாளி சொன்னா, இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான்.

இங்க கேக்க வேண்டியது 13ஆம் பிரிவுக் கண்காணிப்புக் குழு. மாவட்டத்துக்கு ஒண்ணு, கோட்டத்துக்கு ஒண்ணு. ஆட்சியர் தலைவர். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மூணு பேர், சமூக சேவகர் ரெண்டு பேர், ஊரக வளர்ச்சி சார்ந்தவங்க, கடன் நிறுவனப் பிரதிநிதி ஒருத்தர். கடைசி ஆளைக் கவனிங்க. முன்பணத்துக்கு மாத்தாக் கடன் கிடைக்க வழி பண்ணோணும்னுதான் அவரைச் சட்டம் உள்ள வெச்சிருக்குது. குழு இருக்குதான்னு கேட்டா "அமைக்கப்பட்டுள்ளது"ன்னு பதில் வரும். போன மூணு வருசத்துல கூடிய தேதி, கலந்துக்கிட்ட அலுவல்சாரா உறுப்பினர் எண்ணிக்கை, விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஏற்பாடு பண்ணிக் கொடுத்த கடன் தொகை, இப்படிக் கேட்டாத்தான் உண்மை வெளிய வரும்.

சாயப்பட்டறைத் தெரு:
இதே சொல் விளையாட்டு கழிவுத் தொட்டி மரணத்திலும் நடக்கிறது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, கையால் மலம் அள்ளும் வேலையால் இறந்தவர் எவரும் இல்லை என்று சமூகநீதித் துறை இணை அமைச்சர் ராம்தாஸ் அத்வாலே பதில் தந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் மக்களவையில், சாக்கடையும் கழிவுத் தொட்டியும் சுத்தம் செய்தபோது ஐந்தாண்டில் 340 பேர் இறந்ததாக அதே அரசு சொல்லியிருந்தது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? 2013ஆம் ஆண்டுச் சட்டம் "கையால் மலம் அள்ளுபவர்" என்று ஒரு வரையறையும், "அபாயகரமான முறையில் சுத்தம் செய்தல்" என்று வேறொரு வரையறையும் வைத்திருக்கிறது. முதல் சொல்லைப் போட்டுக் கேட்டால் சுழியம். இரண்டாவது சொல்லைப் போட்டால் எண் வரும். செத்தவர் ஒருவரே, சொல் மாறினால் அவர் கணக்கிலிருந்தே காணாமல் போகிறார். இதைப் படிக்கும் யாரும் இந்தத் தவறைச் செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு இன்னொரு சிக்கல். தொட்டியில் தேங்குவது சாயக் கழிவா, தொழிலாளர் கழிப்பறைக் கழிவா என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். கழிப்பறைத் தொட்டி என்றால் 2013 சட்டம், 2023 அக்டோபர் 20 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம். அதற்கு முன் 10 லட்சமாக இருந்தது. சுத்திகரிப்பு நிலையத் தொட்டி என்றால் தொழிற்சாலை விபத்து என்று பதிவாகி வேறு கணக்கில் போய்விடும். எனவே "கழிவுநீர், கழிப்பறைக் கழிவு, சாயக் கழிவு ஆகியவற்றைத் தேக்கும் எவ்வகைத் தொட்டியிலும்" என்று எழுத வேண்டும். இறந்த தேதி, வழக்குப் பதிவான சட்டப் பிரிவு, கொடுத்த தொகை, கொடுத்த தேதி, நான்கையும் நெடுவரிசையாகக் கேளுங்கள். பிரிவு என்ற நெடுவரிசை வந்தால்தான் எந்தச் சட்டத்தில் போடாமல் விட்டார்கள் என்பது தெரியும்.

சட்டப் பெயரிலும் கவனம் தேவை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழிற்சாலைச் சட்டம் 1948, மாநிலங்களுக்கு இடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டம் 1979 இரண்டும் அவற்றுக்குள் போய்விட்டன. பழைய பெயரை மட்டும் எழுதினால் "அச்சட்டம் தற்போது நடைமுறையில் இல்லை" என்ற பதிலுக்கு நாமே வழி திறந்து விடுகிறோம். 1976 சட்டமும் 2013 சட்டமும் அந்தத் தொகுப்புகளில் சேரவில்லை.

பவானிசாகர்:
மனித உரிமைன்னு வந்துட்டதால பழைய பாக்கிகளையும் சேத்துக்குங்க. வீரப்பன் தேடுதல் வேட்டையில அதிரடிப்படை பண்ணின அத்துமீறலுக்கு, தேசிய மனித உரிமை ஆணையம் 2007 ஜனவரியில 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொல்லுச்சு. சத்தியமங்கலம், அந்தியூர் மலை ஊர்க்காரங்களுக்கு இது கதையில்லை. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில மலைவாழ் மக்கள் மேல வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க 1992 ஜூன் 20 பண்ணின கொடுமைக்கு 2011-ல 215 அரசு ஊழியர்களுக்குத் தண்டனை. 2023 செப்டம்பர் 29 உயர் நீதிமன்றம் அதை உறுதி பண்ணி, பாலியல் கொடுமைக்கு ஆளான ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம், அதுல 5 லட்சத்தைக் குற்றவாளிகள்கிட்ட வசூல் பண்ணோணும்னு உத்தரவு போட்டுச்சு. சட்டப்பேரவையில கேக்கோணும்: வசூலான தொகை எவ்வளவு, யார் யாருக்கு எந்தத் தேதியில போய்ச் சேந்துச்சு? தீர்ப்பு சரியா தப்பான்னு கேட்டா நீதிமன்றத்தைச் சொல்லித் தள்ளிருவாங்க. தொகையையும் தேதியையும் கேட்டா அது நிர்வாகக் கணக்கு.

கல்லங்காடு:
சாதி மறுப்புத் திருமணப் பாதுகாப்பையும் சென்னைக் கேள்வியில் சேர்க்கலாம். 2018 மார்ச் 27 சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும், பாதுகாப்பு இல்லம் அமைப்பதை மாநில அரசு பரிசீலிக்கலாம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதி 17 மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும் என்கிறது. விதி 7 அறுபது நாளில் குற்றப்பத்திரிகை என்கிறது. மூன்றுமே தேதி சார்ந்தவை. வாதம் தேவையில்லை, தேதியைக் கேட்டால் போதும்.

பெருந்துறை வக்கீல்:
டெல்லிக்கான வரைவைத் திருத்தி எழுதியிருக்கிறேன். பாருங்கள்.

"தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்புத் துறை அமைச்சர் தெரிவிப்பாரா:
(அ) கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வு மத்தியத் திட்டத்தின் கீழ், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களில் கணக்கெடுப்புக்காகக் கடந்த மூன்று ஆண்டுகளில் விடுவிக்கப்பட்ட தொகை, மாவட்ட, ஆண்டு வாரியாக;
(ஆ) அத்தொகைக்கான கணக்கெடுப்பு அறிக்கைகள் பெறப்பட்ட தேதிகள்;
(இ) இதே காலத்தில் இம்மாவட்டங்களில் உடனடி உதவி பெற்றவர்கள், முழு மறுவாழ்வு உதவி பெற்றவர்கள் எண்ணிக்கை, ஆண், பெண், சிறார் எனத் தனித்தனியாக;
(ஈ) முழு உதவி நிலுவையில் உள்ளவர்கள் எண்ணிக்கை, நிலுவைக்கான காரணம், காரண வாரியாக?"

(இ)யும் (ஈ)யும் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரி 27 முதல் நடைமுறையில் உள்ள திருத்திய திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. முழுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் சிறாருக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல் போன்ற கடும் நிலையில் 3 லட்சம். 2016-இல் திட்டத்தைத் திருத்தியபோதே முழுத் தொகையைக் குற்றம் நிரூபணமாவதோடு பிணைத்துவிட்டார்கள். வழக்கு இழுக்க இழுக்க விடுதலையானவர் கையில் சில ஆயிரம் மட்டுமே நிற்கிறது. மறுபடி முன்பணம் வாங்க அவர் தறிப்பட்டறை வாசலுக்கு வருவது இதனால்தான். உடனடி உதவி பெற்றவர் எண்ணுக்கும் முழு உதவி பெற்றவர் எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் இந்தக் கேள்வியின் உயிர்.

அந்தியூரான்:
நல்லா வந்திருக்குதுங்க. ஆனா (அ)வுல ஓட்டை இருக்குது. கணக்கெடுப்புக்கு மாவட்டம் ஒண்ணுக்கு 4.5 லட்சம், மூணு வருசத்துக்கு ஒரு தடவை. மாநிலம் முன்மொழிவு அனுப்பினாத்தான் மத்திய அரசு கொடுக்கும். மாநிலம் கேக்கவே இல்லீன்னா "தொகை இல்லை"ன்னு பதில் வரும், (ஆ) எழாது. நீங்க சொன்ன அதே கயிறு. (அ)வை "மாநில அரசிடமிருந்து பெறப்பட்ட முன்மொழிவுகளின் தேதி, கோரிய தொகை, விடுவித்த தொகை"ன்னு மாத்துங்க. சுழியம் வந்தாக்கூட யார் கேக்கலீங்கறது பதிவாயிரும்.

பெருந்துறை வக்கீல்:
சரிதான் அண்ணா. மாற்றிக்கொள்கிறேன்.

குமாரபாளையம் தறி:
கேள்வி போடறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போட்டிருங்க. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினாப் போதும், 30 நாள் கெடு. கண்காணிப்புக் குழுக் கூட்டக் குறிப்போட நகல் கேளுங்க. அதோட, ஆளுக்கு ஆளு உதவி கொடுக்க மாவட்டத்துல நிரந்தரமா வெச்சிருக்க வேண்டிய 10 லட்சம் மறுவாழ்வு நிதியோட இருப்பையும் கேளுங்க. அந்தத் தாள் எம்.பி. கையில இருந்தா அமைச்சர் சொல்ற எண்ணு சரியான்னு அங்கயே தெரிஞ்சுரும். நட்சத்திரக் கேள்வி வாய்மொழிக்கு வந்தா கேட்ட உறுப்பினருக்கு ரெண்டு துணைக் கேள்வி கிடைக்கும். ரெண்டையும் அரைத் தாள்ல பெருசா எழுதிக் கொடுங்க. நீளமாப் பேச ஆரம்பிச்சா சபாநாயகர் நிறுத்திருவார்.

கதிர் நூல்:
பதில் வந்தபொறவு என்ன பண்றதுன்னு யாரும் சொல்லலியே. "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது", "ஆராயப்படும்"னு வந்தா சோர்ந்து போயிராதீங்க. அதெல்லாம் விதிப்படி உறுதிமொழி. அரசு உறுதிமொழிக் குழு அதைத் தனியாக் குறிச்சு வெக்கும், மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தோணும். மூணு மாசம் ஆனதும் எம்.பி. மூலமாக் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம், கேள்வி எண், தேதியோட. பல பேர் இங்கதான் விட்டர்றாங்க. "மாநிலங்களிடமிருந்து தரவு மையமாகத் தொகுக்கப்படவில்லை"ன்னு வந்தா அது உறுதிமொழி ஆகாது, கதவை மூடற பதில். அப்படி வந்தா அடுத்த கூட்டத்தொடர்ல கேள்வியை மாத்துங்க: தொகுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு அனுப்பின கடிதங்களோட தேதி என்ன?

கல்லங்காடு:
சட்டப்பேரவைப் பக்கம் கேள்வி நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். அமர்வு நாட்கள் குறைவு. மானியக் கோரிக்கை (துறைக்கான நிதி ஒதுக்கீட்டு விவாதம்) நாளில் வெட்டுத் தீர்மானம் (அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரும் தீர்மானம்) கொடுத்தால் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் இருக்கும் எண்ணை வைத்தே பேசலாம். அமைச்சர் 110 விதியின் கீழ் அவையில் படிக்கும் அறிக்கை மீது விவாதம் கிடையாது. அதில் சொன்னதை அடுத்த மானியக் கோரிக்கையில்தான் பிடிக்க முடியும்.

பொதுமக்கள் நேரடியாகப் போகக்கூடிய வழி பேரவை மனுக்கள் குழு. மாவட்டத்துக்கு வரும் முன் மனு கேட்டு அறிவிப்பு வரும். தமிழில், கையெழுத்தோடு, ஐந்து நகல். பல ஆண்டாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை மட்டும். தனிநபர் குறை, பட்டா, வேலை, ஓய்வூதியம், வங்கிக் கடன், நீதிமன்ற வழக்கு எதுவும் எடுக்க மாட்டார்கள். "எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கூலி வரவில்லை" என்று எழுதினால் தள்ளுபடி. "இந்த மாவட்டத்தில் 2014 சட்டப்படி உரிமம் பெறாத ஆலை விடுதிகளை ஆய்வு செய்ய வேண்டும்" என்று எழுதினால் எடுத்துக்கொள்வார்கள்.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நன்றிங்க. இப்படிப் பிரிச்சாச்சு: கணக்கெடுப்பு, மறுவாழ்வுத் தொகை ஈரோட்டு எம்.பி.க்கு, குமாரபாளையம் அவர் தொகுதியிலயே வருது. தொட்டி மரணம் கோவைத் தொகுதிக்கு, சமூகநீதித் துறைக்கு நட்சத்திரக் கேள்வியா. விடுதி, கண்காணிப்புக் குழு, வாச்சாத்தித் தொகை மூணும் தனித்தனியா மூணு எம்.எல்.ஏ.க்களுக்கு. தகவல் உரிமை மனு ஆறு ஆட்சியர் அலுவலகத்துக்கும் திங்கக்கிழமை போகுது.

ஒரு சந்தேகம். (இ)யில "சிறார்"னு இருக்குது. மில்லுல 18 முடியறதுக்கு முன்னாடி சேந்து, விடுதலை ஆகறப்ப 18 தாண்டின பொண்ணு எந்தக் கணக்குல வரும்?

பெருந்துறை வக்கீல்:
முக்கியமான இடம். அங்கே ஒரு பெண் இரண்டு பட்டியலிலும் விட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. "சிறார்" என்பதை "வேலையில் சேர்ந்த நாளில் 18 வயது நிறையாதவர்கள், விடுவிக்கப்பட்ட நாளில் 18 வயது நிறையாதவர்கள் எனத் தனித்தனியாக" என்று மாற்றுங்கள். சொல் எண்ணிக்கையை ஆங்கில வாசகத்தில் மறுபடி எண்ணிப் பாருங்கள். 150-ஐத் தாண்டினால் (ஈ)யில் "காரண வாரியாக" என்பதை எடுத்துவிடலாம், இதை எடுக்க வேண்டாம்.